ஒரு கோப்புக்கு ஒரு குறை

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில், கண்காணிப்பாளர் லூர்துசாமி ஓய்வு பெறும் வாரம் விதிகளின்படி வந்து சேர்ந்தது. முப்பத்துநாலு வருஷம் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போனவர். கை சுத்தம். அவர் விட்டுப்போகும் சொத்து ஒரே ஒரு கொள்கைதான்: ஒரு கோப்புக்கு ஒரு தடவைக்கு ஒரு குறை. கோப்பில் ஐந்து குறை இருந்தாலும் இன்றைக்குத் தேதி இல்லையென்று திருப்புவார். நாளைக்குப் பக்க எண் இல்லையென்று திருப்புவார். எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட்டால் அப்புறம் அலுவலகம் எதற்கு?

அப்படித் திரும்பிய அத்தனை கோப்பையும் மூன்று மாடி ஏற்றி இறக்கியவர் புவனகிரிக்காரர் கொளஞ்சி, அலுவலக உதவியாளர். லிஃப்ட் அதிகாரிகளுக்கு மட்டும். இப்போது கோப்பெல்லாம் கணினிக்குப் போய்விட்டது. போய்விட்டதற்கு அத்தாட்சியாக அதையே அச்சடித்து மேலே அனுப்பியதில் கொளஞ்சிக்கு வேலை ஜாஸ்தியானது. அவருடைய முட்டி மட்டும் முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டது.

அந்த முட்டியை நினைத்தால் லூர்துசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே பிரிவு உபசார விழா ஏற்புரையில் எல்லார் முன்னாலும் ஒரு வரி சொல்லிவிடத் தீர்மானித்தார்: "கொளஞ்சி, உன் முட்டியைக் கெடுத்தது நான்தான். மன்னித்துவிடு."

ஆனால் ஏற்புரைக்கு மூன்றாம் மாடி அதிகாரிகளின் முன் அனுமதி வேண்டும். முன்பொருவர் விழாவில் உண்மையைப் பேசிவிட்டதால் வந்த விதி. அதை எழுதியவரும் லூர்துசாமிதான்.

கொளஞ்சி ஏற்புரையோடு ஏறினார். திங்கட்கிழமை தேதி இல்லையென்று திரும்பியது. செவ்வாய், பக்க எண் இல்லை. இருந்ததே ஒரு பக்கம். புதன்கிழமை, முட்டி வலதா இடதா என்று தெளிவுபடுத்தக் கோரப்பட்டது. லூர்துசாமி மூன்றாம் மாடியில் கோப்பு பார்க்கும் காயத்ரிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, மூணையும் மொத நாளே சொல்லக் கூடாதா?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார்? நீங்க போனாலும் அது போவாது சார்."

அவருக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் பெருமையும் வந்தது, அதை மறைப்பானேன்.

வியாழக்கிழமை விழா. சால்வை போர்த்தினார்கள். அனுமதி வரவில்லை. லூர்துசாமி எழுந்து கூட்டத்தில் கொளஞ்சியைத் தேடினார். அவர் ஏற்புரையோடு மாடிக்குப் போயிருந்தார்.

"வணக்கம். நன்றி" என்று மட்டும் சொல்லி லூர்துசாமி உட்கார்ந்தார். இவ்வளவு அருமையான ஏற்புரையைக் கேட்டதே இல்லையென்று கை தட்டிவிட்டு, கேசரி தின்று, எல்லாரும் கிளம்பிப் போனார்கள்.

காலி அரங்குக்குக் கொளஞ்சி நொண்டிக்கொண்டே வந்தார். "சார், ஆர்டர் ஆயிடுச்சு சார்! சீல் வெச்சுக் குடுத்துட்டாங்க!"

லூர்துசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இனி யார் தடுப்பது? தாளை வாங்கினார். மேலிருந்து கீழே பார்த்தார். கை தானாகப் பேனாவுக்குப் போனது.

"கொளஞ்சி."

"சார்?"

"சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு. அதுக்குக் கீழ தேதி போடலியேப்பா."

கொளஞ்சி தாளை வாங்கி, மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்து ஒரு படி ஏறினார். ஏறியவர் திரும்பினார்.

"வேற எதுனா கொறை இருக்கா சார்? இப்பவே சொல்லிட்டா ஒரே நடையா முடிச்சிடுவேன்."

"இருக்கு," என்றார் லூர்துசாமி. "மொதல்ல இத முடிச்சிட்டு வா."