என் அறைக்கு ஒரு குறை சொல்லுங்கள், மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே அப்பா சுகம், அம்மா சுகம், நீங்கள் கூடையில் வைத்துப் பேருந்தில் அனுப்பிய பந்தயப் புறாக்குஞ்சுகள் எங்கள் எல்லாரையும் விடச் சுகம். சுகமில்லாதவள் நான் ஒருத்திதான். போர்வைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் கொஞ்சம் கசிந்தாலும் விடிந்துவிட்டது என்று நினைத்துப் புறாக்கள் குனுக ஆரம்பிக்கின்றன. சத்தம் கேட்டால் அப்பா எழுந்து வருவார். வந்து இந்தக் கடிதத்தைப் பார்த்தால் நான் செத்தேன்.

ஆமாம் மாமா, புறாக்கள் என் அறையில்தான் இருக்கின்றன. எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

எல்லாம் நீங்கள் போனில் சொன்ன யோசனையால் வந்தது. கூடு ஈரமில்லாத இடத்தில் இருக்க வேண்டும், காலை வெயில் விழ வேண்டும், காற்று வர வேண்டும் ஆனால் நேராக அடிக்கக் கூடாது, பூனை எட்டக் கூடாது, சத்தம் ஆகாது என்றீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நிறைய செலவு பண்ணாதீங்க மச்சான், இருக்கிறத வச்சே பண்ணிடலாம்" என்று கடைசியில் ஒரு வார்த்தை சொன்னீர்களே, அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அப்பா தையல்காரர் அல்லவா, கழுத்தில் தொங்கும் டேப்போடு வீடு முழுவதையும் அளக்கக் கிளம்பினார். அதற்கும் முன்னால் ஒரு புறாவைப் பிடித்து நெஞ்சளவு, இறக்கையளவு எல்லாம் எடுத்தார். "வளர்ற பிள்ளைங்க, கொஞ்சம் தாராளமாவே வச்சுக்குவோம்" என்றார். மொட்டைமாடியில் மரக்கூடு போட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கப் போனார். "மாடியில என் தண்ணித் தொட்டி இருக்கு. உங்க புறா அதுல கால் கழுவும், அந்தத் தண்ணிய நான் குடிக்கணுமா?" என்று அவர் கதவைச் சாத்திவிட்டார். பிறகு பழைய சாமான் கடையிலிருந்து கதவு போன அலமாரி ஒன்றை வாங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி, காற்றுக்காக ஓட்டை போட்டார், போதாது என்று இன்னும் போட்டார், கடைசியில் ஓட்டைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து பலகையே இல்லாமல் போய்விட்டது. பால்கனியில் வைத்தால் பக்கத்து வீட்டுப் பூனை நாற்காலி போடாத குறையாக எதிரே உட்கார்ந்துகொண்டது. சரி, தையல் அறை இருக்கிறதே என்று அங்கே விட்டார். அன்றே ஒரு மாப்பிள்ளை கல்யாணக் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மேலே துணிக்கம்பியில் இருந்த ஒரு புறா அவர் தோளில் அடையாளம் வைத்துவிட்டது. "இது என்ன டிசைன்?" என்று அவர் கேட்க, அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "இப்ப இதுதான் சார் ஓடுது" என்றாராம்.

அதற்கு மறுநாள் பள்ளி விட்டு வந்து என் அறைக் கதவைத் திறக்கிறேன், என் மேசையைக் காணோம். புத்தக அலமாரியில் புத்தகம் இருந்த தட்டிலெல்லாம் புறா. சன்னலில் கம்பி வலை. நடுவில் அப்பா, பரிசு வாங்கியவர் போல நிற்கிறார்.

"பாத்தியா, கிழக்குச் சன்னல்! பூனை ஏறாது, சத்தம் கிடையாது. உன் மாமா சொன்னது அத்தனையும் இங்க இருக்கு. வலையத் தவிர ஒரு செலவில்ல."

"அப்பா, இங்க நான் இருக்கேன்."

"ஆமா, அது ஒண்ணுதான் குறை. அதுக்கும் வழி பண்ணியாச்சு."

வழி என்னவென்றால், இனி நான் துணி வெட்டும் மேசைக்குக் கீழே. அந்த இடத்தை நாளைக்கு ஒழித்துத் தருவார்களாம். அதுவரை புறாக்களோடு அனுசரித்துப் போக வேண்டுமாம், அதாவது நான். அம்மா ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அம்மா ஒரு நர்ஸ், சுத்தம் பார்ப்பவர், விட மாட்டார் என்று நம்பினேன். அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "நல்லதுதான்டி. மேசைக்கடியில சன்னல் கிடையாது. வேடிக்கை பாக்காம படிப்ப." அப்பாவும் சேர்ந்துகொண்டார். "புறாவப் பாத்துக் கத்துக்க. எங்க கொண்டுபோய் விட்டாலும் நேரா வீட்டுக்கு வரும். நீ என்னைக்காவது பள்ளிக்கூடம் விட்டு நேரா வந்திருக்கியா?"

மாமா, ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா வலையைத் திறந்து புறாக்களை முதல்தடவையாக வெளியே விடப் போகிறார். குஞ்சு ஒருமுறை மேலே பறந்து தன் இடத்தைப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டால் ஆயுளுக்கும் அதுதான் அதன் வீடு, வேறு கூட்டுக்குப் பழக்குவது பெரும்பாடு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையோடு என் கதை முடிந்தது. நான் படித்து வேலைக்குப் போய்ச் சம்பளத்தோடு திரும்பி வந்தாலும் மேசைக்குக் கீழேதான். புறா விஷயத்தில் அப்பா உங்களைத் தவிர யார் பேச்சையும் கேட்க மாட்டார். அதனால் சனிக்கிழமைக்குள் போன் செய்து என் அறைக்கு ஏதாவது ஒரு குறை சொல்லுங்கள். கிழக்குச் சன்னலில் சளி பிடிக்கும் என்று சொல்லுங்கள், பச்சைச் சுவரைப் பார்த்தால் புறா மிரளும் என்று சொல்லுங்கள், எந்தப் பொய்யாக இருந்தாலும் சரி, பாவம் என்னோடு. நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் குட்டிப் பையனுக்கு என் முத்தங்கள். உங்கள் புறாக்களுக்குச் சொல்ல எதுவும் இல்லை.

பயத்துடன்,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மாமா, மேலே எழுதிய எதையும் செய்துவிடாதீர்கள். உறையை ஒட்டப் போன நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கடிதத்தின் மேல் உட்கார்ந்தேனோ இல்லையோ, புறாக்கள் பயப்படுமே என்று அப்பா ஓடி வந்தார். என் தலைமாட்டில் வழக்கமாக ஒழுகும் இடத்தில் ஒரு புறா இருந்தது. சொட்டு அதன் தலையில் விழுந்தது. அப்பா ஆடிப்போய்விட்டார்.

"ஐயையோ, ஒழுகுதே! எவ்வளவு நாளா இப்படி?"

"ஆறாவது படிக்கிறப்பலேருந்து."

"சொல்ல மாட்டியா?"

"ஒவ்வொரு மழைக்கும் சொன்னேனேப்பா."

"உன் மேல ஒழுகுதுன்னுதான சொன்ன? புறா மேல ஒழுகும்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

விடிந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டுத் தளம் முழுவதும் பூசிவிடலாம் என்கிறார் அப்பா. அம்மா எழுந்து வந்து, "எதுக்கு வீண் செலவு? புறாவ நம்ம ரூமுக்கு மாத்திட்டா இவ எப்பவும் போல இங்கயே இருந்துக்குவா" என்கிறார். சனிக்கிழமை உங்களைக் கேட்டு முடிவு செய்வார்களாம். மாமா, இதைப் போலப் புறாவுக்கு ஏற்ற அறை உலகத்திலேயே கிடையாது என்று அடித்துச் சொல்லுங்கள். ராத்திரியில் அவற்றோடு ஒரு ஆள் கட்டில் போட்டுப் படுத்தே ஆக வேண்டும் என்றும் சொல்லுங்கள். மழைக்காலம் வருகிறது. புறாக்கள் போய்விட்டால் கொத்தனாரும் போய்விடுவார்.