நிழல் சுவருக்கு ரோஜா வாங்குபவர்

படத்தைப் பார்த்துச் செடி வாங்கி, அது பட்டுப்போனதும் ஆளைப் பார்த்துப் பழி போடுகிற ஒரு மனித வகை உண்டு. அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். தெரியாது என்று தலையாட்டாதீர்கள். அவரை உங்களுக்குத் தெரியும். போன வாரம்கூட அவருக்கு வணக்கம் சொன்னீர்கள்.

இவர் எங்கே இருந்தாலும் ஏதாவது ஒன்றுக்குச் செயலாளராக இருப்பார். எனக்கு வாய்த்தவர் அறுபது வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். அங்கே கட்டடத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவே, வடக்குப் பக்கமாக, ஆறடி அகலத்தில் ஒரு சந்து. வெயில் அதை எட்டிப் பார்த்ததில்லை. ஒரு முனையில் நுழையும் குளிர்காற்று மறுமுனையில்தான் வெளியேறும். சுவரில் விரலை வைத்தால் சில்லென்று பாசி ஒட்டும். அந்தச் சுவரோரம் இருபது தொட்டிகள் வைத்து அழகுபடுத்துவது என்று சங்கம் முடிவெடுத்தது. செடிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைச் செயலாளர் தன் தலைமேல் போட்டுக்கொண்டார். வேறு யார் தலைமேலும் போட அவர் சம்மதிக்கவில்லை என்பதும் உண்மை.

சந்துக்குள் போய் ஒரு காலைப் பொழுது நின்று பார்த்தாரா? அதெல்லாம் தோட்ட வேலை செய்பவர்கள் செய்கிற காரியம். இவர் கைபேசியில் படம் பார்த்தார். வெள்ளைச் சுவர், வரிசையாகத் தொட்டிகள், தொட்டிக்கு ஒரு கூடை சிவப்பு ரோஜா. நேராக நர்சரிக்குப் போய்ப் படத்தை நீட்டினார்.

"எங்க வைக்கப் போறீங்க, சார்?" என்று கேட்டார் நர்சரிக்காரர்.

"சுவர் ஓரமா."

"வெயில் வருமா?"

"நல்ல சுவருங்க. போன வருஷம்தான் பெயின்ட் அடிச்சோம்."

"அதில்ல சார், வெயில் இல்லாத இடம்னா பெரணி இருக்கு, பிகோனியா இருக்கு, ஐவிக் கொடி இருக்கு. குளிரும் தாங்கும், நிழலும் தாங்கும்."

"பெரணியா? அது பாழுங்கிணத்துல தானா மொளைக்கிறது. அதைப் போய்க் காசு குடுத்து வாங்கச் சொல்றீங்களே!"

தானாக முளைப்பதுதான் அதற்கான தகுதிச் சான்றிதழ் என்பது இவருடைய மூளையில் ஏறாது. பிழைப்பதற்குப் பிறர் தயவு வேண்டாத எதையும் இவர் மதிப்பதில்லை. இருபது ரோஜாச் செடிகள் வந்து இறங்கின.

குடியிருப்பின் தோட்டக்காரம்மா ஒன்பது வருடங்களாக அங்கே வேலை செய்பவர். தொட்டிகளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு செயலாளரைப் பார்த்தார்.

"சார், ரோஜாவுக்குத் தினம் அஞ்சாறு மணி நேரமாவது வெயில் வேணும். இங்க அஞ்சு நிமிஷம்கூட வராதே."

"எடுத்த எடுப்புலயே வராதுன்னு சொல்லாதம்மா. கொஞ்சம் பாசிட்டிவா பேசு."

அவர் பாசிட்டிவாகப் பேசியிருந்தால் கட்டடம் ஓரடி நகர்ந்து வழிவிட்டிருக்கும் போலும்.

முதல் வாரம் செயலாளர் தொட்டிகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் இலைகள் மஞ்சளாயின. "தண்ணி பத்தல," என்றார். இரண்டு மடங்கு ஊற்றச் சொன்னார். வேர் அழுகியது. "யாரு இவ்ளோ தண்ணி ஊத்தச் சொன்னது?" என்றார். உரம் போடச் சொன்னார், உரத்தை அள்ளச் சொன்னார், தொட்டிகளை இடமிருந்து வலமாக மாற்றி வைக்கச் சொன்னார். கடைசியில், படித்தவர்கள் காரணம் தீர்ந்துபோனால் எங்கே போய் நிற்பார்களோ அங்கே போய் நின்றார்: "அந்தம்மாவுக்குக் கைராசி இல்ல."

கவனியுங்கள். கழுத்தை நிமிர்த்தினாலே தெரிகிற காரணத்தை விட்டுவிட்டு, மண் அள்ளிக் காய்த்துப்போன ஒரு பெண்ணின் உள்ளங்கையில் காரணம் தேடுகிற அறிவு! இவர் வீட்டு வரவேற்பறையில் பட்டச் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அந்த இடத்திலாவது வெயில் படுகிறதா, தெரியவில்லை.

இருபது செடிகளும் போய்ச் சேர்ந்தன. தோட்டக்காரம்மாவை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிப் பேச ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கூட்டம். "குற்றம் நடந்த இடத்துலயே விசாரிப்போம். எல்லாரும் கண்ணால பாக்கட்டும்," என்று செயலாளரே நாற்காலிகளைச் சந்துக்குள் போடச் சொன்னார்.

போட்டார்கள். உட்கார்ந்தார்கள். ஐந்தாவது நிமிடம் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி மஃப்ளரை இழுத்துக் காதை மூடினார். எட்டாவது நிமிடம் பல் டாக்டரம்மா இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். தேநீர் கோப்பையிலேயே ஆறிப்போனது. பத்தாவது நிமிடம் செயலாளருக்கே தும்மல் வந்தது.

"இங்க என்ன இப்படிக் குளிருது! மனுஷன் உக்காருவானா? வாங்க, முன்வாசலுக்குப் போயிடலாம். நல்ல வெயில் இருக்கு."

எல்லோரும் அவரவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். முன்வாசலில், முதுகுக்கு இதமான வெயிலில் வசதியாகச் சாய்ந்துகொண்டு, செயலாளர் குற்றச்சாட்டைப் படித்தார்: "இருபது செடிகள் பராமரிப்புக் குறைவால் இறந்தன."

"நீ ஏதாவது சொல்லணுமா?"

தோட்டக்காரம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பத்து நிமிஷம் உங்களால அங்க உக்கார முடியல. உங்களுக்குக் கால் இருக்கு, எந்திரிச்சு வந்துட்டீங்க. அதுங்களுக்குக் கால் இல்ல சார். ரெண்டு மாசம் அங்கயே நின்னுச்சுங்க."

மூன்றாம் மாடி ஆசிரியர் சிரித்துவிட்டார். செயலாளர் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக மாற்றினார்.

"விஷயத்துக்கு வாம்மா," என்றார் செயலாளர்.

விஷயத்துக்கு அந்தம்மா ஒருவர்தான் வந்திருந்தார். மற்றவர்கள் வெயிலுக்கு வந்திருந்தார்கள்.

கைகள் உயர்ந்தன. நாற்பத்தொன்று. ஆசிரியரின் கையும் சேர்த்து. ஒன்பது வருட வேலை, தேநீர் இரண்டாம் சுற்று வருவதற்குள் முடிந்தது. மறுநாள் புதிய தோட்டக்காரர் வந்தார். புதிதாக இருபது ரோஜாக்களும் வந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்தின் கோடியில், வாய் உடைந்ததால் ஒதுக்கப்பட்ட ஒரு தொட்டி கிடந்தது. அந்தம்மா போவதற்கு முன்பே சுவர் விரிசலில் இருந்த பெரணியைப் பெயர்த்து அதில் நட்டிருந்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டே மாதத்தில் அது தொட்டியை மறைத்துப் பச்சைப்பசேலென்று வழிந்தது. செயலாளர் அதன் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் இப்போது அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. கீழே எழுதியிருக்கிறார்: "ஆளை மாற்றினோம், பலன் கண்டோம்." படத்தின் ஓரத்தில் இரண்டாம் தவணை ரோஜாக்கள் மஞ்சளாகத் தெரிகின்றன. பலகையை நின்று படிக்கிற யாரும் அந்த ஓரத்தைப் பார்ப்பதில்லை.

செயலாளரை நினைத்து நன்றாகச் சிரித்தீர்கள் அல்லவா? அந்த நாற்பத்தொரு பேரும் இதைப் படித்தால் இப்படித்தான் சிரிப்பார்கள். உங்கள் அலுவலகத்தில் கழிப்பறைக் கதவையொட்டி, ஜன்னல் இல்லாத மூலையில் உட்கார வைத்த குமாஸ்தாவைப் போன மாதம் 'சுறுசுறுப்பு இல்லை' என்று சொன்னது யார்? வீட்டிலே ஒரு பிள்ளைக்கு ஜன்னலோர மேசையும் இன்னொரு பிள்ளைக்கு மாடிப்படியின் அடியும் ஒதுக்கிவிட்டு, மதிப்பெண் பட்டியல்களை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்தது யார்?

இதைப் படிக்கும்போது முதுகில் இதமாக வெயில் படுகிறதா? நல்லது. கை மட்டும் கீழே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.