கீறல் விழுந்த கூலிங் கிளாஸ்

சோபாவில் உட்கார்ந்த மாப்பிள்ளைக்கு அடியில் ‘படக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால், மாமனாரின் கூலிங் கிளாஸ் மூக்குப் பக்கம் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

“என்னங்க சத்தம்?” என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து.

“ஒண்ணுமில்ல, என் முதுகெலும்பு!”

சும்மா கண்ணாடியா அது? மெல்லிய தங்க நிறக் கம்பிக்குள் கண்ணீர்த்துளி வடிவில் இரண்டு கறுப்பு லென்ஸ்கள். மாமனார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் வாங்கியது. இடது லென்ஸ் ஓரத்தில் ஒரு கீறல். புயலில் அறுந்த இரும்புக் கயிறு தெறித்து வந்தபோது கண்ணைக் காப்பாற்றிய கீறல் என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அந்தக் கதை, பிறகுதான் குடிக்கத் தண்ணீர்.

“இது உடையற அன்னிக்கு என் மூச்சும் நின்னுடும்” என்று கதையை முடிப்பார்.

நாளைக்குப் பழைய கிரேன்காரர்கள் எல்லாம் கூடும் விருந்து. மாமனார் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து, ஒரு தடவை மாட்டி அழகு பார்க்க மாப்பிள்ளைக்கு ஆசை வந்தது. மாட்டினார். அசந்துபோனார். கழற்றி சோபாவில் வைத்தார். அதன் மேலேயே உட்கார்ந்தும் விட்டார்.

கண்ணாடியின் வெறும் பெட்டியை அலமாரியில் மூடி வைத்துவிட்டுத் தன் பட்டறைக்கு ஓடினார். அவருக்குப் பல் செட் செய்யும் தொழில். உலோகப் பல்லையே ஒட்டவைக்கும் நெருப்பு கையில் இருக்கும்போது கம்பி எம்மாத்திரம்? கம்பி ஒட்டிக்கொண்டது. ஆனால் சூடு தாங்காமல் இரண்டு லென்ஸும் விரிசல் விட்டன.

தலையில் அடித்துக்கொண்டு தெருமுனைக் கண்ணாடிக் கடைக்குப் போனார்.

“இதே மாதிரி கிடைக்குமாண்ணே?”

“ஏன் கிடைக்காது? எத்தனையோ மாடல் வந்துச்சு, போச்சு. இது மட்டும் அசையவே இல்ல. எங்கப்பா வித்தார், இப்ப நான் விக்கறேன். தாத்தாவும் கேக்கறார், பேரனும் கேக்கறான்.”

அச்சு அசலாகத்தான் இருந்தது. ஆனால் புது மெருகு பளபளத்தது. மாப்பிள்ளை அசரவில்லை. பழைய பற்களுக்கு நடுவே வைக்கும் புதுப் பல் தனியாகத் தெரியாமல் பழுப்பேற்றுவதில் அவர் கெட்டிக்காரர். மெருகுச் சக்கரத்தில் தேய்த்துத் தங்க நிறத்தை மங்க வைத்தார். ஊசியால் கீறலும் போட்டார். தள்ளி வைத்துப் பார்த்தார். கீறல் வலது லென்ஸில் இருந்தது.

திரும்பவும் கடைக்கு ஓடினார். “இன்னொண்ணு குடுங்க.”

கடைக்காரர் ஏன் என்று கேட்கவில்லை. சட்டென்று எடுத்துக் கொடுத்தார். இந்த முறை இடது, இடது என்று முணுமுணுத்துக்கொண்டே கீறி, அலமாரியிலிருந்த பெட்டிக்குள் மாப்பிள்ளை வைத்துவிட்டார்.

மறுநாள் மாமனார் பெட்டியைத் திறந்து கண்ணாடியை மாட்டினார். மாப்பிள்ளை கதவோரமாக நின்று கவனித்தார்.

“என்ன மாப்ளே, காதை இறுக்குதே!”

“முடி வெட்டினதால இருக்கும் மாமா.”

“முடி வெட்டினா தளரத்தானே செய்யணும்? சரி, நான் போய் தெருமுனைக் கடையில காட்டிட்டு வந்துடறேன்.”

மாப்பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீங்க எதுக்கு மாமா அலையணும்? நான் போறேன்.”

“வேணாம், வேணாம். நான் மட்டும் போறேன்.”

“ரெண்டு பேரும் போவோமே.”

மாமனார் ஏனோ முகம் சுளித்தார். இருவருமாகப் போனார்கள்.

கடைக்காரர் கண்ணாடியை வாங்கிய நேரம் பார்த்து மாமனாரின் போன் அடித்தது. விருந்துக்கு வரச்சொல்லி ஏதோ ஒரு கிரேன்காரர். பேசிக்கொண்டே அவர் வெளியே போனதும் மாப்பிள்ளை மேஜை மேல் சரிந்தார்.

“அண்ணே, உங்க காலைப் பிடிக்கறேன். நேத்து நான் வந்ததை மாமாகிட்ட சொல்லிடாதீங்க. பழசு உடைஞ்சுதுன்னு தெரிஞ்சா அவர் உயிரே போயிடும்.”

கடைக்காரர் கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இடது லென்ஸ் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“வேலை சுத்தம்தான் தம்பி, கீறல் மட்டும் கொஞ்சம் ஆழமா விழுந்துடுச்சு, உங்க மாமனாருக்கு வருஷா வருஷம் புதுசுல நான் போட்டுக் குடுக்கற கீறல் இதைவிட மெல்லிசா இருக்கும்.”