பிரெஞ்சு எழுதிக்குங்க சார்

பெற்ற பெண் காலேஜில் என்ன படிக்க வேண்டும் என்பதை, அந்தப் பெண்ணைத் தவிர ஊரில் எல்லோரையும் கேட்டு முடிவு செய்கிற அப்பாக்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அதில் முதல் ஆள் என் நைனா. செஞ்சி கடைத்தெருவில் உரக்கடை வைத்திருந்தார்.

எண்பத்தைந்தில் பாண்டிச்சேரி காலேஜ் ஒன்றில் எனக்கு கெமிஸ்ட்ரி கிடைத்தது. கூடவே ஒரு வெளிநாட்டு மொழி எடுக்க வேண்டும். கெமிஸ்ட்ரிக்கு ஜெர்மன்தான் உதவும் என்று பள்ளிக்கூட டீச்சர் சொல்லியிருந்தார். "பிரெஞ்சா, ஜெர்மனா?" என்றார் கிளார்க். நான் வாயைத் திறந்தேன். சத்தம் நைனாவிடமிருந்து வந்தது.

"பிரெஞ்சு எழுதிக்குங்க சார்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஏன் என்று கேட்டேன். "அதுலதாம்மா மார்க்கு கொட்டுதாம்" என்றார். நம்பினேன். (விஞ்ஞானியாகப் போகிறவளுக்கு அவ்வளவுதான் புத்தி.)

ஒரு வருஷம் உருப்போட்டேன். ஹாஸ்டலிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில் மூக்கால் முனகிக்கொண்டே வருவேன். கண்டக்டர் சளி மாத்திரை வாங்கிப் போடச் சொன்னார்.

பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, பாண்டிச்சேரி அத்தை ஒரு கார் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினாள். கேசரி கிண்டிக்கொண்டே அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"மாப்பிள்ளைக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்குது. அவரு தாத்தா பிரெஞ்சு மிலிட்டரில இருந்தவராம். சீக்கிரம் பாரிசு போறாரு. பிரெஞ்சு தண்ணிபட்ட பாடாம். அதுக்குத்தான நைனா உன்ன பிரெஞ்சு எடுக்க வெச்சாரு."

"அப்ப என் படிப்பு?"

"அங்க போயி இன்னாத்துக்குப் படிப்பு?"

மார்க்காம், கொட்டுதாம்.

கூடத்தில் நைனா, "பொண்ணு பிரெஞ்சு நல்லா பேசும். ரெண்டு வார்த்த பேசும்மா" என்றார். எனக்கு எங்கே பேசத் தெரியும்? தெரிந்ததெல்லாம் பரீட்சைக்கு உருப்போட்ட 'என் வீட்டுப் பூனை' கட்டுரைதான். அதை மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே, சண்டைக்குப் போகிற குரலில், முழுசாக ஒப்பித்தேன். அவர் சிரித்துத் தலையாட்டினார். அவர் அம்மா பெருமையோடு எல்லோரையும் பார்த்தார்.

பூனைக் கட்டுரையைத் திட்டுகிற குரலில் கேட்டுவிட்டு ஒருத்தர் இப்படியா தலையாட்டுவார்? சந்தேகம் வந்துவிட்டது. முதல் பாடத்துக் கேள்வியைக் கேட்டேன். உங்கள் பெயர் என்ன?

"உய்" என்றார். (ஆமாம் என்று அர்த்தம்.)

வயதைக் கேட்டேன். அதற்கும் "உய்".

"நைனா, இவருக்கு பிரெஞ்சு தெரியாது. பேரு இன்னான்னு கேட்டா ஆமான்றாரு" என்றேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "செஞ்சிக்கோட்டையப் பாக்க வந்தோம்னு நெனச்சிக்கிறோம்" என்று எழுந்தார். அத்தையும் அதே காரில் ஏறிப் போய்விட்டாள்.

நைனா ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அத்தை பாண்டிச்சேரி முழுக்க என் வாயைப் பற்றிச் சொல்லி வைத்ததில், டிகிரி முடியும்வரை ஒரு மாப்பிள்ளைகூட எங்கள் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை. முதல் வகுப்பில் தேறினேன்.

இன்றைக்கும் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தியில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்கிறவர் நைனாதான். அதைச் சொல்கிற விதத்தைக் கேட்க வேண்டுமே.

"அன்னிக்கி நான் மட்டும் பிரெஞ்சு எடுக்க வெக்கலன்னா அந்தப் பையன் வண்டவாளம் தெரிஞ்சிருக்குமா? எம்பொண்ணு தப்பிச்சிருக்குமா?"

பந்தியே சிரிக்கிறது. நான் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து கைகழுவப் போய்விடுகிறேன்.