வடதுருவமா, செனட்டரா?

மனித குலத்தின் வரலாற்றைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று பிரித்தவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். அவை மூன்றும் ஒத்திகைதான். நிஜமான காலம் தொடங்கியது ஐடஹோ மாநிலம் பாய்சி நகரில். காப்பீட்டுக் கம்பெனியில் சேத மதிப்பீட்டாளராக இருந்து ஓய்வுபெற்ற ஆர்ரின் லிண்ட்க்விஸ்ட், பாக்கெட்டுக்கு ஒன்றாக இரண்டு மடக்குக்கத்திகளுடன் நடமாட ஆரம்பித்தாரே, அன்றைக்கு.

வலது பாக்கெட்டில் 'வடதுருவம்'. டைட்டானியக் கைப்பிடி, கண்ணாடிபோல் மெருகேற்றிய அலகு, ஆயிரத்து நூற்றைம்பது டாலர். இடது பாக்கெட்டில் 'செனட்டர்'. வரிவரியாக நெளியும் டமாஸ்கஸ் எஃகு. கைப்பிடியில், பல்லாயிரம் வருஷங்களுக்கு முன் இறந்த மாமத் யானை ஒன்றின் பல். அந்த யானை வீணாகச் சாகவில்லை என்பது ஆர்ரினின் தாழ்மையான கருத்து.

இரண்டில் ஒன்று 'அன்றாடம் சுமக்க', மற்றது 'சேகரிப்புக்கு'. எது எதற்கு என்பதே கேள்வி. மூன்று மாதம் ஆராய்ந்தார். தபால் தராசில் நிறுத்தார். மடக்கிய அலகு கைப்பிடிக்குள் நட்டநடுவில் நிற்கிறதா என்று இருபக்கமும் காகிதம் செருகிப் பார்த்தார். திறக்கும்போது எழும் 'க்ளிக்'கைப் பதிவு செய்து கண்மூடிக் கேட்டார். ஒரே ஒரு சோதனையை மட்டும் கொள்கை அடிப்படையில் விலக்கி வைத்தார்: வெட்டிப் பார்ப்பது. வெட்டினால் கத்தி 'பயன்படுத்தப்பட்டது' ஆகிவிடும். விலையில் மூன்றில் ஒரு பங்கு போகும். மானம் முழுசாகவே போகும்.

அவர் மனைவி மார்லிஸ் இருபத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். நுட்பமான விஷயங்கள் அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஆர்ரின், அந்தப் பேனாக்கத்தியைக் கொஞ்சம் குடேன். பார்சல் பிரிக்கணும்."

"பேனாக்கத்தியா?"

"சரி, எதுவோ ஒண்ணு. குடு."

"மார்லிஸ், அந்த டேப்ல பசை இருக்கு!"

மார்லிஸ் பார்சலைப் பல்லால் பிரித்தாள்.

ஏப்ரல் மாதத்து ஒரு சனிக்கிழமை, ட்வின் ஃபால்ஸில் மடக்குக்கத்தி அன்பர் கழகத்தின் 'ஒப்பீட்டுச் சிறப்பமர்வு' கூடியது. தலைமை, ஓய்வுபெற்ற பல் டாக்டர் தர்மன் யோக்லி. கைக்குட்டை விரித்து, மூச்சுக் காற்று பட்டுவிடாமல், பதினேழு பேரும் இரண்டு கத்திகளையும் தரிசித்தார்கள். வாக்கெடுப்பில் எட்டுக்கு எட்டு. பதினேழாமவர் தூங்கிவிட்டார். 'மேலும் ஆராயலாம்' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

கூட வந்திருந்த மார்லிஸை ஏற்றிக்கொண்டு, ஆர்ரின் உணர்ச்சிவசப்பட்ட நிலையில் வீட்டுக்குக் கிளம்பினார். பிக்கப் வண்டி வாய்க்காலோரம் போய்க்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் ஒரு கை.

"இப்ப கேளு. இது செனட்டர்." க்ளிக்.

"ரோட்டைப் பாரு."

"இப்ப வடதுருவம். கவனிச்சியா, ஒரு கனம் தெரியல?"

"ஆர்ரின், வளைவு!"

வடதுருவம் க்ளிக் என்றது. வண்டி சரிந்து, மார்லிஸ் இருந்த பக்கமாக வாய்க்காலில் சாய்ந்து நின்றது.

பாசனத்துக்கு அந்த வாரம்தான் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். மலையில் பனி உருகி வந்த தண்ணீர். கதவிடுக்கு வழியாக ஏறி, அவள் இடுப்பைத் தொட்டது. ஆர்ரின் மேல்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார். முதல் வேலையாகக் கத்திகளைத் துடைத்தார். இரண்டும் பத்திரம்.

"பெல்ட் சிக்கிக்கிச்சு," என்றாள் மார்லிஸ். "கழட்ட வரல. வெட்டு."

ஆர்ரின் செனட்டரை எடுத்தார். டமாஸ்கஸுக்கு ஈரம் ஆகாது. உள்ளே வைத்தார். வடதுருவத்தை எடுத்தார். பெல்ட் நெசவில் மண். மெருகில் கீறல் விழும். அதையும் உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார். அவர் மனிதர்தான், மனைவியை நேசித்தவர்தான்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?"

"ஒரே நிமிஷம். தர்மன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

தர்மன் யோக்லி உடனே போனை எடுத்தார். "ஆபத்துல வெட்டினா 'பயன்படுத்தினது' கணக்குல வருமான்னா கேக்குற? நல்ல கேள்வி, ஆர்ரின். விதியில அதுக்கு எடமே வைக்கல. குழுவைக் கூட்டணும். செவ்வாய்க்கிழமை தோதுப்படுமா?"

தண்ணீர் மார்லிஸின் மார்புக்கு வந்திருந்தது.

அப்போது சாலையில் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியவள் மைட்டே உரியார்த்தே, பக்கத்து ஆட்டுப் பண்ணைக்காரி. ஒரு வார்த்தை கேட்கவில்லை. பூட்ஸோடு தண்ணீரில் இறங்கினாள். ஆட்டுக் குளம்பு சீவுகிற கத்தி ஒன்றை இடுப்பிலிருந்து உருவினாள். துருவேறிய அலகு, மரப்பிடியில் கயிறு சுற்றியிருந்தது. இரண்டு இழுப்பு. மார்லிஸைத் தோளில் சாய்த்துக் கரையேற்றினாள்.

"உங்ககிட்ட கத்தி இல்லையா?" என்று ஆர்ரினைக் கேட்டாள்.

"ரெண்டு இருக்கு," என்றார் ஆர்ரின். மறைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

மார்லிஸ் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்துவிட்டு, நேரே ஸ்போகேனில் இருக்கிற தங்கை வீட்டுக்குப் போனாள். ஆர்ரின் கழகத்துக்குப் போனார். 'கவிழ்ந்த வாகனம், குளிர்ந்த நீர், மனைவியின் நிர்ப்பந்தம் ஆகிய கடும் சூழல்களிலும் இரு கத்திகளும் புதிது என்னும் தகுதியை இழக்கவில்லை' என்று அறிக்கை வாசித்தார். பதினேழு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தூங்குகிறவர்கூட விழித்திருந்தார். 'நிதானத்துக்கான' பதக்கம் வழங்கப்பட்டது.

விவாகரத்துப் பத்திரம் ஆகஸ்டில் வந்தது. அந்த மாநிலத்துச் சட்டப்படி, கல்யாணத்துக்குப் பின் சேர்ந்ததெல்லாம் பாதிப் பாதி. வீடு, வண்டி, வங்கிப் பணம் எல்லாம் அரைமணியில் முடிந்தன. கடைசியாக வக்கீல் மேசைமேல் இரண்டு கத்திகள்.

"எது வேணும்?" என்றார் வக்கீல்.

"அவசரப்படாதே மார்லிஸ்," ஆர்ரின் முன்னால் சாய்ந்தார். "மூணு மாசம் ஆராய்ஞ்சும் என்னாலேயே..."

மார்லிஸ் கைக்கு எட்டியதை எடுத்தாள். வடதுருவம். பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆர்ரின் கண்ணை மூடிக்கொண்டார். க்ளிக் கேட்டது. அதன்பிறகு அவர் இதுவரை பதிவு செய்திராத ஓர் ஓசை.

கண் திறந்தபோது அவர் முன்னால் பாதி ஆப்பிள் இருந்தது. மார்லிஸ் அலகைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் வெட்டுது, ஆர்ரின்," என்றாள். "அன்னைக்கு பெல்ட்டையும் வெட்டியிருக்கும்."