அகலம் குறைந்த பலராமன்

இனிமேல் காலையில் ஆறு இட்லிக்கு ஒன்றுகூடக் குறையாது என்று பலராமன் சபதம் எடுத்தபோது, அவர் முன்னாலிருந்த தட்டில் மூன்றுதான் இருந்தன. சபதத்தை மனசுக்குள்தான் எடுத்தார். எதிரே அமுதவல்லி நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா முணுமுணுக்கிறீங்க?"

"சாமி கும்பிட்டேன்."

"மூணு இட்லிக்கு அவ்ளோ பெரிய கும்பிடு வேணாம். சாப்பிடுங்க, ஆறிடும்."

அது 2007, ஆகஸ்டு மாதம். உப்பளம் என்கிற பேட்டையில் வீடு, அரசாங்க ஆபீஸில் மேல்நிலை எழுத்தர் வேலை, தொண்ணூற்று நாலு கிலோ உடம்பு. இவைதான் பலராமனின் சொத்து. மூன்றாவது சொத்தில் பத்துக் கிலோவை ஆறு மாதத்துக்குள் ஒழிக்காவிட்டால் பிரஷர் மாத்திரை இரண்டு மடங்காகும் என்று டாக்டர் சுப்பிரமணியன் சொல்லிவிட்டார். அன்று முதல் வடை கிடையாது. வஞ்சிரம் வறுத்தால் வாசனை மட்டும் இவருக்கு. வெளியே போய்த் தின்னவும் வழியில்லை. கடையில் ஒரு பஜ்ஜி தின்றால் மூன்று நாளைக்கு அவர் வயிறு பேசும். அவர் வாய் பேசாது.

இந்த நேரத்தில்தான் பாரிஸிலிருந்து அமுதவல்லியின் தம்பி விஜயராகவன் ஒரு டிஜிட்டல் கேமரா அனுப்பினான். கூடவே ஒரு யோசனையும் அனுப்பினான்.

"அக்கா, மாசா மாசம் மாமாவ ஒரு போட்டோ எடுத்து மெயில்ல அனுப்பு. இளைச்சிருந்தாருன்னா நானே சொல்றேன். அப்போ சாப்பாட்ட கொஞ்சம் தளர்த்தலாம்."

டாக்டர் சொன்னால் பாதி நம்புவாள் அமுதவல்லி. தம்பி சொன்னால் வேதம்.

கடற்கரைச் சாலையில் கடலுக்கு முதுகைக் காட்டியபடி புருஷனும் பெண்டாட்டியுமாக நின்றார்கள். நடைக்கு வந்த ஒருவர் எடுத்துக் கொடுத்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு பலராமன் மஜீத் பாயின் பிரவுசிங் சென்டருக்குப் போனார். மஜீத் ஏதேதோ தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"போகாது சார். ரொம்ப வெயிட்டு."

பலராமனுக்குச் சுருக்கென்றது. "நீங்களுமா பாய்?"

"ஐயோ, போட்டோவச் சொன்னேன் சார்! மூணு எம்பிக்கு மேல இருக்கு. இந்த லைன்ல ஏத்துறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். சின்னதாக்கி அனுப்பணும். இதோ பாருங்க, இது அகலம், இது உயரம். ஒண்ணக் குறைச்சா இன்னொண்ணும் தானா குறையும். இந்தக் கட்டத்துல ஒரு டிக்கு இருக்கே, அதான் ரெண்டையும் சேத்துக் கட்டி வெச்சிருக்கு."

"அந்த டிக்க எடுத்துட்டா?"

"எடுக்கக்கூடாது சார்."

"எடுத்தா இன்னா ஆவும்னு கேக்கறேன்."

மஜீத் எடுத்துக் காட்டினார். அகலத்தை மட்டும் குறைத்தார். திரையில் ஓர் ஆள் நின்றார். ஒடுங்கிய இடுப்பு. நீண்ட முகம். காலேஜில் கூடப் பலராமன் அப்படி இருந்ததில்லை.

"யாரு பாய் இது?"

"நீங்கதான் சார். இருங்க, பழையபடி மாத்திடறேன்."

"கைய எடுங்க பாய்!" என்றார் பலராமன். "பழையபடி வேணாம். இவ்ளோ ஒடுக்கமாவும் வேணாம். மாசத்துக்கு பத்து சதவீதம். ஒரேடியா இளைச்சா ஊரு நம்பாது."

பக்கத்தில் நின்ற அமுதவல்லியும் சேர்ந்து இளைத்திருந்தாள். இருக்கட்டும், அவளுக்கும் நல்லதுதானே. பின்னால் கடல். கடலை எவ்வளவு நெருக்கினாலும் கடல்தான்.

ஞாயிற்றுக்கிழமை பாரிஸிலிருந்து போன் வந்தது. அமுதவல்லி பேசிவிட்டு வந்து புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் இடமும் வலமும் பார்த்தாள். அதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

"நீங்க இளைச்சிட்டீங்களாம். தம்பி சொல்றான். எனக்கு ஒண்ணும் தெரியலியே?"

"தெனம் பாக்கிறவங்களுக்குத் தெரியாது அமுதா. தூரத்துல இருக்கிறவனுக்குத்தான் தெரியும். அதுவும் பாரிஸ் எவ்ளோ தூரம்!"

மறுநாள் நாலாவது இட்லி வந்தது.

அடுத்த மாதம் இன்னொரு பத்து சதவீதம். ஐந்தாவது இட்லி வந்தது, பின்னாலேயே வடையும். தீபாவளிக்குள் ஆறு இட்லி. கார்த்திகையில் வஞ்சிர வறுவல் வாசனையோடு துண்டாகவும் வந்தது. அதுவும் இரண்டு. தட்டு நிறைந்திருந்தது. டம்ளர் வழிந்தது. பலராமன் ஆபீஸில் கவர்னர்போல் நடந்தார். பெண்டாட்டியை ஏய்க்க முடியாது என்று சொன்னவன் எவன்? கம்ப்யூட்டர் தெரியாதவன்!

ஒரு நாள் காப்பி டம்ளரைப் பிடித்தபோது தன் கை பெருத்துப்போனதுபோல் ஒரு தோற்றம். நல்ல சாப்பாடு, கை வரைக்கும் போய்ச் சேர்கிறது என்று திருப்திப்பட்டார். பேண்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. வெளுக்கிறவன் துணியை இழுத்துவிட்டான் என்று அவனைத் திட்டித் தீர்த்தார்.

பிப்ரவரியில் அமுதவல்லி புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கெளம்புங்க. டாக்டர் சொன்ன ஆறு மாசம் ஆயிடுச்சு."

பலராமன் நாற்காலியை விட்டு எழவில்லை. "டாக்டர் எதுக்கு அமுதா? போட்டோவ அனுப்பினா போதாதா?"

"போட்டோவுக்கு பிரஷர் பாக்க முடியாதுங்க."

எடை மெஷின் முன்னால் பலராமன் செருப்பைக் கழற்றினார். வாட்ச்சைக் கழற்றினார். பேனாவைக் கழற்றினார். மூச்சையும் வெளியே விட்டுவிட்டு ஏறினார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"எண்பத்தி மூணரை!" என்றார் டாக்டர். "பத்தரை கிலோ! பிரஷரும் நார்மல். பழைய மாத்திரையே பாதி போதும். எப்படி சார் சாதிச்சீங்க?"

பலராமன் திரும்பிப் பார்த்தார். யாரும் அவரைப் பின்னாலிருந்து தூக்கிப் பிடிக்கவில்லை. இறங்கி மறுபடி ஏறினார். எண்பத்து மூன்றரைதான். மார்பு தானாக விரிந்தது. ஆறு இட்லி தின்று இளைத்த முதல் மனிதன்!

"எல்லாம் மனக்கட்டுப்பாடு டாக்டர்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அமுதவல்லி பரண்மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கிப் பிரித்தாள். பழைய சாப்பாட்டுத் தட்டு. பக்கத்தில் இப்போதைய தட்டை வைத்தாள். ஆனைக்குப் பக்கத்தில் ஆனைக்குட்டி. பழைய டம்ளர், புது டம்ளர். பழைய கரண்டி, புதுக் கரண்டி. பழைய இட்லித் தட்டின் குழிக்குள் புதுசின் குழி இரண்டு உட்காரும்போல் இருந்தது.

"சண்டே மார்க்கெட்டுல மூணு தடவ மாத்தினேன்" என்றாள். "மாசத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா. ஒரேடியா குறைச்சா நீங்க நம்ப மாட்டீங்களே."

பலராமன் புது டம்ளரைப் பழைய டம்ளருக்குள் இறக்கிப் பார்த்தார். "உனக்கு... எப்போ தெரியும்?"

"மொத மாசமே. தம்பி போன் பண்ணி, 'இன்னாக்கா, எப்போலேர்ந்து நாமம் போட ஆரம்பிச்சே?'ன்னு கேட்டான். மஜீத் பாய் கடைக்குப் போய்ப் பாத்தேன். நான் வெச்சிருந்த வட்டப் பொட்டு மேலாக்க நீண்டு, பாதி நாமம் மாதிரி நெத்தியில நிக்குது. நீங்க நாமம் போட்டது எனக்கில்ல, எங்க குடும்பத்துக்கேன்னு புரிஞ்சிது. 'மாமா சந்தோஷமா சாப்பிடட்டும்க்கா, நீ அளவ மட்டும் பாத்துக்கோ'ன்னு தம்பிதான் சொன்னான்."

"ஆறு மாசம்! எனக்கு எப்படித் தெரியாம போச்சு?"

"நீங்க டிக்க எடுத்துட்டு அகலத்த மட்டும் குறைச்சீங்க, மாட்டிக்கிட்டீங்க. நான் டிக்க எடுக்கல. தட்டு, டம்ளர், இட்லி, வடை, மீனு எல்லாத்தையும் ஒண்ணா குறைச்சேன்."

பலராமன் கொஞ்ச நேரம் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தோற்றதில்கூட ஒரு லாபம் இருப்பது புலப்பட்டது. உடம்பு இளைத்தாயிற்று, டாக்டரும் பாராட்டியாயிற்று. பழைய தட்டை எடுத்து வேட்டியால் துடைத்து அவள் முன் நீட்டினார்.

"சரி, ஜெயிச்சிட்டே. இனிமே பழைய அளவுக்கே வந்துடு அமுதா."

"முடியாதுங்க. சின்னதாக்கினத திரும்ப இழுத்துப் பெருசாக்கினா நல்லாவே இருக்காதாம். மஜீத் பாய் சொன்னாரு."