மிச்சம் மீதி முகூர்த்தம்

பண்டிட் கிரிஜாசங்கர் வாசலில் வந்து நின்றபோது ஊர்மிளா அவஸ்தி கதவைப் பாதிதான் திறந்தாள். வெளியே இன்னும் சரியாக வெளுக்கவில்லை. உள்ளே எல்லாம் தயாராக இருந்தது. மண் பரப்பிய தட்டு, ஊறவைத்த பார்லி, செம்பு, மாவிலை, சிவப்புத் துணி சுற்றிய தேங்காய். நவராத்திரியின் முதல் நாள். கலசத்தை வைத்துத் தேவியை அழைத்தால்தான் பூஜையே தொடங்கும்.

"உள்ள வரட்டுமா அம்மா? நல்ல நேரம் ஆரம்பிச்சாச்சு."

"யாருக்கு நல்ல நேரம்?"

பண்டிட்ஜி செருப்பைக் கழற்றப் போன காலை அப்படியே நிறுத்தினார்.

"மாடி வீட்டு மஞ்சுளா சக்சேனாவுக்கு உச்சி வேளையில அபிஜித் முகூர்த்தமாம். நேத்து படியில நின்னு ஊருக்கே கேக்கிற மாதிரி சொன்னா. அவளுக்கு அபிஜித், எங்களுக்கு மட்டும் பால்காரன் வர்ற நேரமா?"

"அது வேற, இது வேற அம்மா. முதல்ல கலசத்தை வெச்சுடுவோம். அப்புறம் நிதானமாப் பேசலாம்."

"பேச ஒண்ணும் இல்ல. எங்களுக்கும் உச்சி வேளைதான். போயிட்டு அப்ப வாங்க."

பண்டிட்ஜி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கான்பூரின் அந்தக் குடியிருப்பில் ஊர்மிளாவிடம் வாதாடி ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு, தெருமுனையில் நின்ற பேட்டரி ரிக்‌ஷாவுக்குத் திரும்பி நடந்தார்.

சமையலறை வாசலில் அவள் கணவர் பிரிஜ்கிஷோர் டீப் பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"வந்த மனுஷனைத் திருப்பி அனுப்பிட்டியே. கலசம் வைக்காம டீகூடக் கூடாதுன்னு சொன்னது நீதானே?"

"ஒரு நாள் டீ இல்லேன்னா உயிர் போயிடாது."

"போயிடும் போலத்தான் இருக்கு."

அவள் கோபம் இன்று பிறந்ததல்ல. புகுந்த வீட்டில் வேறு யாரும் வேண்டாம் என்று தள்ளிய அறைதான் அவளுக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய காலமெல்லாம், பிள்ளைகள் கொட்டாவி விடும் கடைசி வகுப்பு அவள் தலையில்தான் விழுந்தது. குலுக்கலில் கிடைத்த இந்த வீடோ தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில். எல்லாவற்றையும் பொறுத்தாள். ஆனால் தேவியும் மிச்சம் மீதியைத்தான் அவளுக்குத் தள்ளிவிடுவாளா?

சூரியன் மேலேறியதும் கீழ்வீட்டுப் புஷ்பா குப்தா மாவிலை கேட்டு வந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல பண்டிட்ஜி வந்துடுவார் அண்ணி. எங்க ராசிக்கு இந்த நேரந்தான் பொருந்துதாம்."

"உங்களுக்கு இப்பவா?"

"ஆமா. எதிர் பிளாக் மிஸ்ராவுக்கு எங்களுக்கு அப்புறம். அவங்க ராசிக்கு அதுதானாம்."

ஊர்மிளாவுக்கு உச்சந்தலை சூடேறியது. "ஒரே வானம், ஒரே திதி, ஒரே பண்டிட். நேரம் மட்டும் வீட்டுக்கு வீடு எப்படி மாறும் புஷ்பா?"

புஷ்பா இதை அதுவரை யோசித்ததே இல்லை. யோசித்ததும் அவளுக்கும் கோபம் வந்தது. பண்டிட்ஜி ரிக்‌ஷாவை விட்டு இறங்கும்போது முற்றத்தில் பாதிக் குடியிருப்பே கூடியிருந்தது. மஞ்சுளாகூடக் கலைந்த தலையோடு இறங்கி வந்திருந்தாள்.

"எங்க முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. இன்னிக்கு நல்ல நேரம் எது?" என்றாள் ஊர்மிளா.

"தேவிக்கு எல்லா நேரமும் நல்ல நேரந்தான் அம்மா."

"அப்ப எதுக்கு ஆளுக்கொரு நேரம் குடுத்தீங்க?"

பண்டிட்ஜி பூணூலைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். அது எல்லாருக்கும் குற்ற ஒப்புதலாகவே பட்டது.

"எங்களுக்கும் அபிஜித்தான் வேணும்," என்றாள் புஷ்பா. மிஸ்ராவும் அதையே சொன்னார்.

"நான் ஒருத்தன். உச்சி வேளையில எத்தனை வீட்டுல உட்காருவேன்?"

இதற்கும் வழி சொன்னவள் ஊர்மிளாதான். எல்லாரும் கலசத்தை முற்றத்துக்கே கொண்டு வரட்டும், ஒரே மந்திரம், ஒரே நேரம், பாகுபாடே வேண்டாம் என்றாள். பண்டிட்ஜி தலையில் கை வைத்துக்கொண்டார்.

உச்சி வேளைக்குக் கலசங்கள் வந்தன. எல்லாம் ஒரே கடைச் செம்பு, ஒரே சிவப்புத் துணி. யாருடையது முன்வரிசை என்பதில் முதல் சண்டை. மஞ்சுளா தன்னுடையதை நைசாக நடுவில் வைத்தாள். ஊர்மிளா அதைச் சற்று நகர்த்தினாள். மஞ்சுளா திரும்ப நகர்த்தினாள்.

"உங்களுக்கு விடிகாலை குடுத்தாங்களே, அதை ஏன் விட்டீங்க?"

"நீ தூங்கிக் கழிச்ச நேரத்தை நான் ஏன் வாங்கிக்கணும்?"

இருவரும் குனிந்து முறைத்துக்கொண்டிருந்த வேளையில், மோட்டார் அறைக் கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கியது. இருந்த அத்தனை தேங்காய்களில் அது ஊர்மிளாவுடையதைத்தான் எடுத்தது. செம்பு கவிழ்ந்தது. தண்ணீர் புஷ்பாவின் பார்லித் தட்டில் பாய்ந்தது. புஷ்பா அலறினாள். மிஸ்ரா குடையோடு குரங்கைத் துரத்தினார். பிரிஜ்கிஷோர் டீ குடிக்காத வயிற்றோடு தேங்காய் வாங்கக் கடைக்கு ஓடினார். பண்டிட்ஜி இந்தக் களேபரத்துக்கு நடுவே கண்ணை மூடி மந்திரத்தைத் தொடர்ந்தார்.

பிரிஜ்கிஷோர் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது மற்ற கலசங்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டன. அபிஜித்தும் போய்விட்டது. பண்டிட்ஜி ஊர்மிளா வீட்டுக்குள் வந்து, கலசத்தை வைத்து, பார்லியைத் தூவி, தேவியை அழைத்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சலூட்டியது.

அவர் தண்ணீர் குடிக்க உட்கார்ந்ததும், ஊர்மிளா பழப்பையைக் கொண்டுபோய் ரிக்‌ஷாவில் வைத்தாள். ஓட்டுநர் சுக்ராம் எழுந்து கும்பிட்டார்.

"உங்க பண்டிட்ஜி செய்யறது உங்களுக்கே நியாயமாப் படுதா?" என்றாள். "இத்தனை வருஷம் எங்களை இளிச்சவாயங்களாக்கி, யாருக்கும் வேண்டாத நேரத்தைத் தலையில கட்டியிருக்கார்."

சுக்ராம் பையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"எனக்குச் சாஸ்திரமெல்லாம் தெரியாதும்மா. வருஷா வருஷம் வண்டியில வரும்போது அவர் சொல்றதைச் சொல்றேன்: 'அசல் முகூர்த்தம் விடியல்ல ஒண்ணே ஒண்ணுதான் சுக்ராம், அதை அவஸ்தி அம்மாவுக்குக் குடுத்துடுவோம், மத்தவங்களுக்கு அவங்கவங்க எப்பத் தூங்கி எழுந்திரிக்கிறாங்களோ, அதுதான் முகூர்த்தம்.'"